இலையுதிர் காலக் காட்டில் ஓர் ஓவியர்



‘இலையுதிர் காலம்’ என்னும் சொல்லை நம் மாணவர்கள் நன்கறிவர். வருணனைக் கட்டுரை எழுதச் சொன்னால், பொன்னிற இலைகள், சருகுகளின் சலசலப்பு, மொட்டை மரங்கள் என்று வரிசையாக எழுதிவிடுவர். அவற்றுள் ஒன்றையும் அவர்கள் நேரில் கண்டதில்லை. ஆனால் நாள்தோறும் காணும் பள்ளி வேலியோர மரத்தின் பெயரைக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். இந்த முரண் என் மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வழி எனக்கு உண்மையான இலையுதிர் காலக் காட்டிலேயே கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறையின்போது, இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஸ்டர் நகருக்குச் சென்றிருந்தேன். என் மகள் அப்போது அங்குப் பயின்றுகொண்டிருந்தாள். “அம்மா, பக்கத்து ஊர்க் காட்டில் ஓர் ஓவியர் தங்கியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமாம். உங்களுக்குப் பிடிக்கும்” என்றாள். கடைத்தெருவைச் சுற்றிப் பார்ப்பதைவிட அது மேல் என்று நானும் புறப்பட்டேன்.

காட்டில் தங்கும் கலைஞர்கள்

ஓர் ஓவியரையோ சிற்பியையோ ஓர் ஊரில் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் தங்கவைத்து, அவ்வூர் மக்களோடு சேர்ந்து கலைப்பணி ஆற்றச் செய்வது மேலைநாடுகளில் நெடுநாள் வழக்கம். தங்குமிடமும் உதவித்தொகையும் தருவார்கள். காட்டையே பணிமனையாகக் கொண்ட இத்தகைய முயற்சிகளுள் பெயர்பெற்றது, அதே வட்டாரத்தில் உள்ள கிரைஸ்டேல் காடு. ஏரி மாவட்டத்தில், கோனிஸ்டன், விண்டர்மியர் என்னும் இரண்டு ஏரிகளுக்கு இடையே அது பரந்து கிடக்கின்றது.

1977ஆம் ஆண்டு முதல் அங்குச் சிற்பிகள் தங்கிப் பணியாற்றத் தொடங்கினர். காட்டில் கிடைத்த மரத்தையும் கல்லையும் கொண்டே சிற்பங்களைச் செய்தனர். ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி என்பவர் 1984இல் நெடிய பைன் மரத்தண்டுகளைக் கூம்புபோல் சேர்த்து நிறுத்தி, ‘ஏழு கோபுரங்கள்’ என்று பெயரிட்டார். 1990இல் அவர் அமைத்த கற்சுவர் ஒன்று மரங்களுக்கு இடையே பாம்புபோல் வளைந்து வளைந்து செல்லும். அங்குச் செய்யப்பட்ட மரச்சிற்பங்கள் பல மழையில் நனைந்து, பாசி படிந்து, மட்கி, மீண்டும் காட்டு மண்ணாகிவிட்டன. அப்படி மறைந்துபோவதும் அக்கலையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது.

நான் கண்டது அவ்வளவு பெரிய முயற்சி அன்று. லங்காஸ்டரிலிருந்து வடக்கே செல்லும் இரயிலில் ஏறினால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் சில்வர்டேல் பகுதி வந்துவிடும். கடலோரமாகச் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் அவற்றின்மீது சிறு சிறு காடுகளும் உள்ள பகுதி அது. அக்காடுகளுள் ஒன்றில், அக்டோபர் நடுவிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஓவியர் ஒருவர் தங்கியிருந்தார். ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. மரங்களுக்கு இடையே கித்தான் துணியைக் கூரையாகக் கட்டி, அதன்கீழ் ஒரு நீண்ட மேசை போட்டிருந்தார். சனி, ஞாயிறுகளில் ஊரார் வருவார்கள். நாங்கள் சென்றது கடைசி வாரம்.

இலைகள் உதிர்ந்த பின்

நான் கற்பனை செய்திருந்த பொன்னிறக் காட்சி அங்கு இல்லை. காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. சருகுகள் சலசலக்கவும் இல்லை. ஈரத்தில் ஊறித் தோல்போல் காலில் ஒட்டின. ஓக் மரங்களில் மட்டும் பழுப்பு இலைகள் சில தொங்கிக்கொண்டிருந்தன. மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியது.

பகற்பொழுது குறையும்போது மரம் இலைப் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை மறைந்ததும், முன்பே இலையில் இருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறம் புதிதாகவும் தோன்றுகிறது. பிறகு காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு படலம் வளர்ந்து இலையைக் கழற்றிவிடுகிறது. அறிவியல் பாடத்தில் இதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். இலையற்ற மரத்தை எப்படி இனங்காண்பது என்பதை மட்டும், ஏழு வயதுச் சிறுமி ஒருத்திதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

அவள் ஒரு கிளையை வளைத்துக் காட்டி, “கறுப்பு மொட்டு இருந்தால் அது ஆஷ். வேறு எந்த மரத்துக்கும் இங்கே கறுப்பு மொட்டு இல்லை” என்றாள். உண்மைதான். கரியால் தொட்டுவைத்ததுபோல் நுனிதோறும் கறுப்பு மொட்டுகள். முதல் வாரத்தில் ஓவியர் கற்றுக்கொடுத்த பாடமாம். ஆறு வாரங்களில் அவ்வூர்க் குழந்தைகள் இலையே இல்லாமல் எட்டு வகை மரங்களை அடையாளம் சொல்லும் அளவிற்குத் தேறியிருந்தனர்.

அடையாளமிட்ட மரங்கள்

அந்தக் கறுப்பு மொட்டு மரங்களுள் பதினான்கின் தண்டில் செம்மஞ்சள் நிறச் சாயப்புள்ளி இடப்பட்டிருந்தது. அவை வெட்டப்பட வேண்டியவை.

ஆஷ் மரத்தைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை நோய் ஐரோப்பா முழுவதும் பரவியுள்ளது. பிரிட்டனில் அது முதன்முதலில் 2012ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இலைகளின் வழியே நுழைந்து, கிளைகளை நுனியிலிருந்து காயச்செய்கிறது. நோயுற்ற மரம் எளிதில் முறியும் தன்மை அடைவதால், மக்கள் நடமாடும் பாதையோரம் அதை விட்டுவைப்பது ஆபத்து. நோயைத் தாங்கி நிற்கும் மரங்கள் சில உண்டு. அவற்றின் விதைகளை நம்பியே ஆஷ் மரத்தின் எதிர்காலம் இருக்கிறது.

இந்நோய் கலைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. டேவிட் நாஷ் என்னும் சிற்பி 1977ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் 22 ஆஷ் கன்றுகளை வட்டமாக நட்டார். அவற்றை வளைத்தும் கவாத்துச் செய்தும், மேற்கூரை கவிந்த மண்டபம்போல் வளர்த்துவந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்த அம்மரங்களையும் இந்த நோய் பற்றியது. அவ்வட்டத்தைச் சுற்றிப் பின்னர் ஓக் கன்றுகளை நட்டனர்.

நாங்கள் சென்ற காட்டில், மரங்களை வெட்டும் முடிவு ஊரில் மனத்தாங்கலை உண்டாக்கியிருந்தது. கைத்தடியோடு வந்திருந்த முதியவர் ஒருவர் அதை மறைக்கவில்லை. அவருடைய தந்தையார் அக்காட்டிலேயே மரவேலை செய்தவர். கோடரிக்கும் மண்வெட்டிக்கும் ஆஷ் மரத்தில் காம்பு செதுக்கியவர். “வெட்டப்போகும் மரத்திற்குப் பூச்சூட்டத்தானே ஓர் ஓவியரை அனுப்பியிருக்கிறார்கள் என்று முதல் நாள் இவரிடமே கேட்டேன்” என்றார் அவர்.

என் மனத்திலும் அந்த ஐயம் எழுந்திருந்தது. ஓவியர் சினம் கொள்ளவில்லை. “வெட்டுவதை என்னால் தடுக்க முடியாது. யாரும் பார்க்காமல் வெட்டப்படுவதைத் தடுக்க முடியும்” என்றார்.

ஓக் மரத்து மை

அவர் செய்த பணி மிக எளியது. ஓக் மரத்தின் மொட்டில் சிறுகுளவி ஒன்று முட்டையிடும். அதனால் அம்மொட்டு கோலிக்குண்டு அளவிற்குக் கெட்டியான உருண்டையாகிவிடும். இலையுதிர் காலத்தில் அது பழுப்பாக முற்றியிருக்கும். குழந்தைகள் கூடை கூடையாக அவற்றைப் பொறுக்கிவந்தனர். அவற்றை இடித்து, மழைநீரில் சில நாள்கள் ஊறவைத்து, வடிகட்டி, இரும்பு உப்பும் சிறிது பிசினும் சேர்த்தால் மை ஆயத்தம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்த மையினால்தான் எழுதினார்கள். 1215ஆம் ஆண்டின் மெக்னா கார்ட்டா சாசனமும் இத்தகைய மையால் எழுதப்பட்டதே.

இதைக் கேட்டதும் எனக்குக் கடுக்காய் நினைவிற்கு வந்தது. கடுக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் ஏற்றுவது நம் முன்னோர் அறிந்த கலை. கலம்காரித் துணியின் கருங்கோடுகள் அப்படி வந்தவையே. அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்பதும் ஒருவகை இரும்பு உப்புத்தான். இதை ஓவியரிடம் சொன்னபோது, அவர் உடனே ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அந்த மையைக் கொண்டு ஊரார் ஒரு பதிவேடு எழுதிவந்தனர். வெட்டப்படும் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். யாருக்கு எந்த மரத்தைப் பற்றி என்ன தெரியுமோ அதை எழுதலாம். ஒரு பக்கத்தில், அந்த மரத்தடியில் தம் நாயைப் புதைத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். இன்னொரு பக்கத்தில், தந்தை தனக்கு மிதிவண்டி ஓட்டப் பழக்கியதும் அதே மரத்தில் மோதி விழுந்ததும் இருந்தன. என்னை நிறுத்தி வைத்தது வேறொரு பக்கம். “முப்பது ஆண்டுகளாக இம்மரத்தைக் கடந்து செல்கிறேன். இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது” என்று மட்டும் அதில் இருந்தது.

ஒரு மரம் முந்தின வாரமே வெட்டப்பட்டிருந்தது. அதன் குறுக்குவெட்டு வட்டத்தை இழைத்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தபோது வளையங்கள் அப்படியே பதிந்தன. எண்பத்தாறு வளையங்கள். முதியவர் குண்டூசி ஒன்றை வாங்கி, எண்ணி எண்ணிச் சென்று, தாம் பிறந்த ஆண்டின் வளையத்தில் குத்திவைத்தார். கடைசிச் சில வளையங்கள் நூல்போல் மெலிந்திருந்தன. நோய் வந்த ஆண்டுகள் அவை. யாரும் விளக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது.

எங்கள் தோட்டத்து மரம்

“உங்கள் ஊரில் உங்கள் மரம் எது?” என்று ஓவியர் என்னைக் கேட்டார்.

நான் பயின்றதும் பின்னர் ஆசிரியராகச் சேர்ந்ததும் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருந்த தமிழ்ப்பள்ளி. பள்ளிக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். அதுதான் எங்கள் பள்ளி மணி. பால்வெட்டு முடிந்து திரும்பும் பெற்றோர் அம்மர நிழலில்தான் பிள்ளைகளுக்காகக் காத்திருப்பர். திருவிழாக் கூட்டமும், தொழிலாளர் கூட்டமும், பரிசளிப்பு விழாவும் அங்கேதான். 2004ஆம் ஆண்டு தோட்டம் விற்கப்பட்டது. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளி, புதிய வீடமைப்புப் பகுதிக்கு மாறியது. நல்ல கட்டடம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மரம் எந்த நாளில் வெட்டப்பட்டது என்பதுகூட எங்களுள் எவருக்கும் தெரியாது. பழைய நிழற்படங்களைத் தேடினால், ஆசிரியர்களின் தலைக்குப் பின்னால் அதன் அடிமரம் மட்டும் சிறிது தெரியும்.

இதைச் சொன்னதும், ஓவியர் ஒரு தாளையும் அந்த மையையும் என்முன் வைத்தார். நான் தமிழில் எழுதினேன். எழுதும்போது எழுத்து வெளிறித்தான் தெரிந்தது. காற்றுப் படப் படக் கறுத்தது. அதைப் பதிவேட்டில் சேர்ப்பார் என்று நினைத்தேன். அவர் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். “இது உங்கள் ஊரில் இருக்கவேண்டிய பக்கம்” என்றார்.

பள்ளி வேலியோரம்

2019ஆம் ஆண்டு பள்ளி தொடங்கியதும், ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு எங்கள் பள்ளி வளாகத்து மரங்களைப் பதிவு செய்யத் தொடங்கினேன். மொத்தம் பதினொரு மரங்கள். அவற்றுள் கெத்தாப்பாங் மரங்கள் இரண்டு. தமிழில் நாட்டு வாதுமை என்பர். கடுக்காய் மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். இலை உதிர்வதற்கு முன் செக்கச் செவேல் என்று சிவக்கும் மரம் அது. படத்தில் மட்டுமே மாணவர்கள் கண்டிருந்த இலையுதிர் காலம், கழிப்பறைக்குப் பின்புறம் ஆண்டுதோறும் நடந்துகொண்டுதான் இருந்தது!

உதிர்ந்த அந்த இலைகளைக் கொதிக்கவைத்து வடித்தோம். புளிக்காடியில் ஊறிய துருப்பிடித்த ஆணிகளின் நீரை அதில் விட்டோம். மாணவர்களின் கண்முன்னே தேநீர் நிறம் கருநிறமாயிற்று. அந்த மையில்தான் எங்கள் பதிவேட்டை எழுதினோம். ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு பக்கம். முதல் பக்கத்தில், இன்று இல்லாத தூங்குமூஞ்சி மரம்.

பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுவந்து எழுதினர். தண்டவாளத் துண்டைத் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து தூக்கிவந்து கட்டியவர் தம் அண்ணன்தான் என்று, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு பாட்டி சொல்லி அனுப்பினார். அந்தப் பள்ளியில் அத்தனை ஆண்டுகள் இருந்த எனக்கே அது புதுச் செய்தி.

“டீச்சர், மரத்தப் பாத்தா யூ.பி.எஸ்.ஆர்.ல மார்க் வருமா?” என்று ஒரு பெற்றோர் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அக்கேள்வி நீங்கவில்லை. மதிப்பெண் வரும் என்று நான் அவருக்கு உறுதி கூறவில்லை. அவருடைய மகன் எழுதிய கட்டுரையை மட்டும் காட்டினேன். “ஒரே மரத்தில் ஒரு கிளை சிவந்திருக்கிறது, அடுத்த கிளை இன்னும் முடிவு செய்யவில்லை” என்று எழுதியிருந்தான். எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத வரி. தந்தை அதை இருமுறை படித்தார்.

இத்தகைய பணியைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. மரங்களை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். பெயர் தெரியாவிட்டால் மலாய்ப் பெயரையாவது எழுதிவைத்து, தமிழ்ப் பெயரைப் பிறகு தேடலாம்.

2. மெல்லிய தாளை மரப்பட்டையின்மேல் வைத்து மெழுகு வண்ணக்கோலால் தேய்த்தால் பட்டையின் வரிகள் பதியும். செலவில்லாத காட்சிக்கலைப் பாடம்.

3. மை காய்ச்சுவதை ஆசிரியரே செய்யவேண்டும். பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

4. மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் எழுதலாம். தெரியாது என்று எழுதுவதும் ஒரு தொடக்கமே.

2023ஆம் ஆண்டு, கெத்தாப்பாங் மரங்களுள் ஒன்றின் வேர் கழிவுநீர்க் கால்வாயைப் பெயர்த்துவிட்டது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. நான் எதிர்க்கவில்லை, கால்வாய் உடைந்தால் வகுப்பறைக்குள் நீர் வரும். இரண்டு வாரத் தவணை மட்டும் கேட்டேன். தலைமையாசிரியர் இசைந்தார்.

அந்த இரண்டு வாரங்களில் பதிவேட்டில் அம்மரத்தின் பக்கம் ஒன்பது பக்கங்களாக வளர்ந்தது. மாணவர்கள் அதன் காய்களைப் பொறுக்கிப் பால்மாவு டின்களில் ஊன்றினர். வெட்டும் நாளன்று, ஓய்வு நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தனர். யாரும் கூச்சலிடவில்லை. மரம் சாய்ந்ததும் ஒரு சிறுவன் ஓடிவந்து, வளையங்களை எண்ணலாமா என்று கேட்டான்.

டின்களில் ஆறு கன்றுகள் முளைத்தன. கால்வாய்க்குத் தொலைவில், திடலின் மறுமூலையில் அவற்றுள் இரண்டை நட்டிருக்கிறோம். பதிவேட்டில் அவற்றுக்கும் பக்கம் ஒதுக்கியாயிற்று. உங்கள் பள்ளி வேலியோரம் என்ன மரம் நிற்கிறது? நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவாருங்கள்.